தும்மலின் படகுக்குப் புதுக் கித்தான்

படகுத்துறையில் எல்லோரும் அவளை இம்மியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் இருந்தது. அதைத் தேடிப்போய்ப் படித்தவர் யாரும் இல்லை. படகுகளுக்குக் கித்தான் உறை தைப்பது அவள் தொழில். தைக்கக் கொடுக்க வருகிறவன் வாய்தவறி, "கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். "இம்மி பிசகினாலும் அதுக்குப் பேரு உறை இல்ல, கோணிப்பை. கோணிப்பை வேணும்னா கடைத்தெருவுல கிடைக்கும், போய் வாங்கிக்கோ" என்பாள். வந்தவன் வழிக்கு வருகிற வரையில் கத்திரிக்கோல் கீழேயேதான் கிடக்கும்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது குடை வழியாக. இளவயதில் ஒரு குடைக் கம்பெனியில் கம்பிகளின் மேல் துணி பூட்டுகிற வேலை. கம்பெனி நொடித்துப்போய் வேலை தேடித் துறைப்பக்கம் அலைந்தபோது, ஒருவன் தன் படகின் மேல் வளைத்து நட்டிருந்த கம்பிகளைப் பார்த்தாள். இதுவும் குடைதானே, கொஞ்சம் நீளமான குடை என்று தோன்றியது. தைத்துக் கொடுத்தாள், கை பிடித்துக்கொண்டது. கயிற்றுக் கடைக்குப் பின்னால் நீளமாக ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தரையில் குழி வெட்டி, தையல் மெஷினை அதற்குள் இறக்கினாள். மெஷினின் பலகை தரையோடு தரையாக இருந்தால்தான் அவ்வளவு பெரிய கித்தான் எங்கும் இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வரும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவள் தைப்பதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், பாதி உடம்பு பூமிக்குள் போன பெண்பிள்ளை என்று.

வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. வாரத்தில் பாதி நாள் ரயிலோடு போய்விடுவார். மீதி நாள் தூங்குவார். நல்ல மனுஷர், அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பிள்ளைகுட்டி கிடையாது. ஆனால் தம்பி இருந்தான். அம்மா போனபோது அவனுக்கு நடைகூடப் பழகவில்லை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். அவனுக்குக் கல்யாணமாகி, மீசையில் நரை தட்டிய பிறகும் அக்கா இன்னும் இடுப்பைவிட்டு இறக்கவில்லை என்று துறையில் கேலி பேசுவார்கள். பேசட்டும், அதில் பொய் ஒன்றும் இல்லை.

தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தும்மல். காற்று கொஞ்சம் திசை மாறினால் போதும், பத்துத் தும்மல் போட்ட பிறகுதான் பேச்சே வரும். சளி அவனுக்குக் கூடப்பிறந்தது. ஆனால் பாருங்கள், அப்பேர்ப்பட்டவன் தேர்ந்தெடுத்த பிழைப்பு படகு. நடுக்கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவான். கூப்பிட்டால் ஓட்டம்; கூப்பிடாத நேரமெல்லாம் துறையில் படகைக் கட்டிவிட்டு, உறைக்குள் உட்கார்ந்து போன் மணியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பான். பழைய உறை சல்லடையாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் மழை, மறுபக்கம் காற்று, நடுவில் போர்வைக்குள் தும்மல்.

"அக்கா, இனிமே தாங்காது. புதுசு போட்டுரு" என்று ஒருநாள் அறைக்கு வந்து நின்றான். "ஆனா ஒரு விஷயம். எல்லாருக்கும் பின்பக்கம் ஒரு ஓட்டை வைப்பியே, அது எனக்கு வேணாம்."

"அது ஓட்டை இல்லடா. மூச்சுக்கண்."

உள்ளங்கை அகலத்தில் ஒரு திறப்பு, அதற்கு வலை, மழை இறங்காமலிருக்க மேலே ஒரு சின்னத் தொப்பி. அவள் தைத்த எந்த உறையிலும் அது இல்லாமல் இருந்ததில்லை.

"கண்ணோ மூக்கோ, அதுல வர்ற காத்து நேரா என் பிடரியிலதான் அடிக்கும். ராத்திரி முழுக்க என் பொண்டாட்டி எனக்குத் தைலம் தேய்க்கணும்."

"அது இல்லேன்னா உள்ள ஈரம் தங்கிரும்டா. துணியில பூசணம் பிடிக்கும். ரெண்டு வருஷத்துல கரும்புள்ளி விழும்."

"துணிக்குத்தானே? விழுந்தா விழட்டும். நான் என்ன அதைக் கட்டிக்கிட்டா ஊர்வலம் போறேன்."

அவளுக்கு மூச்சுக்கண் என்றால் துணியின் சமாச்சாரம். பூசணம், ஈரவாடை, கரும்புள்ளி, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணம் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதேதான் நடந்தது. வேறு எவனாவது கேட்டிருந்தால் படியேற விட்டிருக்க மாட்டாள். தம்பி கேட்டான், சரி என்றாள். "நாளைக்குக் கரும்புள்ளி விழுந்தா என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

உள்ளே அவன் கரி அடுப்பு வைத்துக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியும். இரும்பில் ஒரு சின்ன அடுப்பு. துறையின் மேல் வைத்துப் பற்றவைத்து, புகையெல்லாம் அடங்கி, கரி சிவந்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவான். அவ்வளவு கவனம். அதற்கும் அவள் ஒரு புத்தி சொன்னாள்: "பொறி தெறிக்காம பாத்துக்கோ. கித்தான்ல ஓட்டை விழுந்துரும்." இதை நினைத்துத்தான் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சொன்ன புத்தியெல்லாம் துணிக்கே சொல்லியிருக்கிறாள்.

அளவெடுக்கப் போன அன்று வெயில் நன்றாக இருந்தது. அவள் டேப்பை நம்புகிறவள் இல்லை. படகின் வளைவுக் கம்பிகள் மேல் பெரிய கண்ணாடித் தாளை இழுத்து ஒட்டி, எங்கே மடிப்பு, எங்கே ஜிப்பு, எங்கே பட்டன் என்று தாளின் மேலேயே பேனாவால் கோடு போடுவாள். படகின் உருவம் அப்படியே தாளில் இறங்கிவிடும். ஒவ்வொரு தாளையும் உரித்தெடுப்பதற்கு முன் அதன் மேல் 'வெளி' என்று எழுதிவிட வேண்டும். கண்ணாடித் தாளுக்கு முன்புறம் பின்புறம் தெரியாது, கித்தானுக்குத் தெரியும். தாளைத் திருப்பிப் போட்டு வெட்டினால் வலது மூலை இடது மூலையாகிவிடும். எந்தப் படகும் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் இருப்பதில்லை.

அன்றைக்குத் தும்மல் ஒரு கதை சொன்னான். கப்பல் கேப்டன் ஒருவர், உலகத்துக் கடலெல்லாம் சுற்றியவர், இவன் படகில் ஏறிக் கரைக்கு வருவதற்குள் மூன்று தரம் வாந்தியெடுத்தாராம். இறங்கும்போது, "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்று தோளைத் தட்டினாராம். அந்தக் கேப்டன் மாதிரியே இவன் வாயைப் பொத்திக்கொண்டு நடித்துக் காட்ட, அவள் பேனாவைக் கீழே போட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு பின்மூலைத் தாளை உரித்துச் சுருட்டினாள். அதில் 'வெளி' எழுதவில்லை.

தெரிந்தது உறை மாட்டுகிற அன்று. பச்சைக் கித்தான், புது வாசனை, பளிச்சென்று பிளாஸ்டிக் ஜன்னல்கள். முன்னாலிருந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டே வந்தாள். எல்லாம் சொல்பேச்சுக் கேட்டன. துறையை ஒட்டிய பின்மூலைக்கு வந்ததும் கித்தான் எட்டவில்லை. இழுத்தாள், எட்டவில்லை. விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஓர் இடுக்கு, ஒரு சாண் நீளத்துக்கு. ஒரு கணத்தில் தாள், பேனா, கேப்டன், சிரிப்பு எல்லாம் ஞாபகம் வந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானைக்கு அதில் என்ன ஆறுதல் என்று யாரும் சொன்னதில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தும்மல் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். பையிலிருந்து ஒரு துண்டுக் கித்தானை எடுத்து, மேல்பக்கம் மட்டும் நாலு தையல் போட்டு, இடுக்கை மறைக்கிற மாதிரி தொங்கவிட்டாள். பார்வைக்கு அது ஏதோ அழகுக்கு வைத்த மாதிரி இருந்தது. அடியில் காற்று போய் வந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் படகில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் எழுந்து வந்தான். டீசல் என்று பெயர். உடம்பில் அந்த வாசனை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. உறையைச் சுற்றி வந்து, "என்னக்கா இது, எறும்பு உள்ள போகணும்னாக்கூட உங்ககிட்ட அனுமதி வாங்கணும் போல" என்றான். தண்ணீரோடு திரும்பி வந்த தும்மல் உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, அங்கிருந்தே, "காத்து நின்னுபோச்சுக்கா. சொர்க்கம்" என்று கத்தினான். அவள் சிரித்து வைத்தாள். நெஞ்சில் முள் மாதிரி அந்த மூலை குத்திக்கொண்டிருந்தது.

வெட்டித் திருத்தலாம் என்றால் அந்தப் பச்சையில் கித்தான் தீர்ந்துபோயிருந்தது. புதுச் சுருள் வருகிற வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "யாராவது செத்துட்டாங்களா?" என்று வீட்டுக்காரர் தூக்கத்தில் கேட்டார். "அந்த மூலைங்க" என்றாள். "எந்த மூலை?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்.

சுருள் வந்த மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. சரியான அளவில் வெட்டிய துண்டு, வளைந்த ஊசி, மெழுகு தடவிய வெள்ளை நூல், ஊசியை அழுத்தித் தள்ளுவதற்கு உள்ளங்கையில் மாட்டுகிற தோல் பட்டை, கத்திரிக்கோல், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனாள். தம்பி கேட்டால் என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை. பட்டன் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லலாம். அல்லது அங்கே இன்னொரு வரிசைத் தையல் போட்டால் அழகு என்று சொல்லலாம். தப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது.

படகு துறையோடு ஒட்டிக் கட்டியிருந்தது. ஜிப்பெல்லாம் இழுத்து மூடியிருந்தது. ஜன்னல்களில் உள்பக்கம் நீர் கோத்து வெள்ளையாக இருந்தது. "டேய்" என்று ஒருதரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. தூங்குகிறான். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். தொங்கவிட்டிருந்த பழைய துண்டை ஓசைப்படாமல் வெட்டி எடுத்து, புதுத் துண்டை வைத்து, துறைப் பலகையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுக்கின் ஒரு முனையிலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

தையல் அழகாக விழுந்தது. கைக்கு உயிர் வந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது தையலுக்குத் தையல் குறைந்துகொண்டே வந்தது. முடிகிற தறுவாயில் ஊசி முரண்டு பிடித்தது. கித்தான் மடிப்பு நாலைந்து ஒன்று சேருகிற இடத்தில் இப்படித்தான் நிற்கும். உள்ளே ஏதோ மடிந்து கிடக்கிறது போல என்று நினைத்து, தோல் பட்டையால் அழுத்தித் தள்ளினாள். போயிற்று. வளைத்து வெளியே வாங்கி நூலை இழுத்தாள். இறுக்கினாள். அடுத்த தையலுக்கு ஊசியைத் தூக்கியபோது நூல் சிவப்பாக இருந்தது.

முதலில் அவள் தன் விரல்களைத்தான் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த விரலிலும் ஒன்றும் இல்லை.

மிச்சமிருந்த இடுக்கில் விரலை விட்டுக் கித்தானைத் தூக்கி உள்ளே குனிந்தாள். தம்பியின் தலை அங்கேதான் இருந்தது. இருக்கைப் பலகையில் படுத்து, தலையை அந்த மூலையில் சாய்த்திருந்தான். அவன் காதுமடல் கித்தானோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. கண் திறக்கவில்லை.

நூலை வெட்டினாள். பிறகு ஜிப்பு என்று ஒன்று இருப்பதே அவள் புத்தியில் இல்லை. அவளே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் தைத்த அந்த உறையில் கத்திரிக்கோலைக் குத்தி, கூரையிலிருந்து அடிவரை ஒரே கிழியாகக் கிழித்தாள். புதுக் கித்தான் கிழிகிற சத்தம் துறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் டீசல் ஓடி வந்தான். இம்மியக்கா தன் உறையைத் தானே கிழிக்கிறாள் என்றால் உலகத்தில் ஏதோ நடக்கக் கூடாதது நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் கிழிசலுக்குள் தலையை விட்டான். தரையில் கரி அடுப்பு, புகை துளிகூட இல்லாமல், சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. "மூச்சைப் பிடிச்சுக்கங்க. கால நீங்க பிடிங்க" என்றான். இரண்டு பேருமாகத் தூக்கித் துறைப் பலகையில் கிடத்தினார்கள். டீசல் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்து, "இருக்குக்கா, இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கன்னமும் உதடும் இளஞ்சிவப்பாக இருந்தன. சளி பிடித்து, மூக்கு ஒழுகி, எப்போதும் வாடிக் கிடந்த முகம் அது. கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தை மூடி ஆக்ஸிஜன் வைத்தார்கள். தம்பி மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து, "என்ன அண்ணி, என்ன ஆச்சு, காலையில நல்லாத்தானே போனார்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். டீசலிடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு டாக்டரம்மா வந்துதான் சொன்னார்.

"கரி அடுப்புலேர்ந்து ஒரு வாயு வருது. புகை கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. மூடின இடத்துல அது சேர்ந்துக்கிட்டே போனா ஆளைத் தூங்க வெச்சே கொண்டுபோயிரும். முகம் சிவந்து அழகாத் தெரியும், அதுவும் அந்த வாயுவாலதான். பழைய உறையில இத்தனை வருஷம் ஏன் ஒண்ணும் ஆகலேன்னு கேட்டீங்கன்னா, அது கிழிஞ்சிருந்தது. இந்தத் தடவை இவர் பிழைச்சதே பெரிசு. தலைமாட்டுல எங்கேயோ கொஞ்சம் வெளிக்காத்து வந்திருக்கணும். இல்லேன்னா நீங்க போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"ஒரு இடுக்கு இருந்துச்சு" என்றாள் இம்மியக்கா.

"அதுதான் காப்பாத்தியிருக்கு."

"நான் அதைத்தாங்க தச்சு மூடிக்கிட்டிருந்தேன்."

தம்பி மனைவி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கோபத்தில் எடுத்தாளா, பயத்தில் எடுத்தாளா என்று இவளுக்குத் தெரியவில்லை. காதைப் பற்றி இவள் சொல்லவில்லை. அது வாய்வரை வந்து, திரும்ப உள்ளே போய்விட்டது. நர்ஸ் காதில் ரத்தத்தைத் துடைத்து மருந்து வைத்தபோது, "தூக்குறப்போ எங்கயோ உரசியிருக்கும்" என்று தம்பி மனைவியே சொன்னாள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தும்மல் கண் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போனான். தலை கனக்கிறது, பேர்கள் சட்டென்று வாயில் வரவில்லை என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. அன்று காலையில் நடந்தது மட்டும் அவன் மண்டையிலிருந்து சுத்தமாக அழிந்து போயிருந்தது.

இதற்கு நடுவில் இம்மியக்காவின் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்தாள். மீன்பிடிக்கிறவர்களைக் கூட்டிப்போகிற படகுக்காரன் ஒருவன் முதலில் வந்தான். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டான், முறையாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடுங்கக்கா. மூச்சுக்கண் வேணாம்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "எது மாதிரி?"

"உங்க தம்பிக்குத் தச்சது மாதிரி. ஆளே சாகுற அளவுக்கு அடைப்பா இருக்குன்னா, மழைத்தண்ணி எங்கேர்ந்து உள்ள வரும் சொல்லுங்க."

அவள் குழிக்குள்ளிருந்து அவனையே பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று முகத்தில் தேடினாள். இல்லை, மனதாரத்தான் கேட்கிறான். "போயிரு" என்றாள். அவன் போனான். அடுத்த நாள் இன்னொருவன், அதற்கடுத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து. மனுஷ ஜாதியை என்னவென்று சொல்வது. சாவைப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, அதன் தையல் நன்றாக இருக்கிறது என்று கொண்டாடுகிறது. அவள் கதவைச் சாத்திவிட்டு மெஷின் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் தம்பி மனைவி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இவளோடு அவள் சரியாகப் பேசவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணி, அவர் துறைக்குப் போயிட்டார். பழைய அடுப்ப நான் ஒளிச்சு வெச்சேன். புதுசு வாங்கிட்டார். கிழிஞ்ச இடத்த ஒட்டுறதுக்கு டேப்பும் வாங்கியிருக்கார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீங்க சொன்னாத்தான் உண்டு."

இம்மியக்கா எழுந்து போட்டது போட்டபடி நடந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தும்மல் படகில்தான் இருந்தான். கிழிசலின் இரண்டு பக்கமும் காற்றில் அடித்துக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலடியில் புது அடுப்பு. இன்னும் பற்றவைக்கவில்லை, கரி மட்டும் அடுக்கியிருந்தது. மடியில் அகலமான பசை டேப்.

"வா வா, உன்னத்தான் நினைச்சேன்" என்றான். தும்மினான். "பாரு, இதைத்தான் சொல்றேன். நீ கிழிச்சே, நீயே தைக்கணும். இல்லேன்னா நான் டேப்ப ஒட்டிக்கிறேன்."

அவள் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். "தைக்கிறேன். மூச்சுக்கண் வெச்சுத் தைக்கிறேன். அடுப்பு இங்க இருக்கக் கூடாது."

"ஆரம்பிச்சிட்டியா. அவதான் காலைலேர்ந்து பாடுறா." அவன் கையை வீசினான். "அக்கா, நான் அன்னிக்குக் காலையில ஒண்ணுமே சாப்பிடல. மயக்கம் போட்டிருக்கேன். அவ்வளவுதான். புகையே இல்லாத புகையாம், வாசனையே இல்லாத விஷமாம். ஆஸ்பத்திரிக்காரங்க ஏதாவது பேர் சொல்லணும்ல. இத்தனை வருஷம் இந்தக் கரியிலதான் குளிர் காயுறேன். ஒரு தலைவலி வந்ததுண்டா?"

"அப்போ உறையில ஓட்டை இருந்துச்சுடா."

"இதுல ஓட்டை இல்ல, நான் பிழைச்சுக்கலையா?"

இத்தனை வருஷத்தில் எவனிடமும் சொல்லாததைச் சொன்னாள். "இருந்துச்சு. அந்த மூலையில ரெண்டு விரல் இடுக்கு. தாள்ல வெளின்னு எழுத மறந்து திருப்பி வெட்டிட்டேன். உனக்குத் தெரியாம துண்டு போட்டு மறைச்சேன். நீ பிழைச்சது என் தப்பாலடா."

அவன் சிரித்தான். நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது அவனுக்கு. "நீயா? தப்பா வெட்டினியா? போக்கா. ஊர்ல எவனாவது நம்புவானா. என்னைப் பயமுறுத்தணும்கிறதுக்காக உன் பேரையே கெடுத்துக்காதே." டேப்பின் முனையை நகத்தால் கிள்ளித் தேட ஆரம்பித்தான்.

தன்மேல் அவன் வைத்திருக்கிற நம்பிக்கை இருக்கிறதே, அதுவே அவனைக் கொன்றுவிடும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒளித்து வைத்ததில் இனி ஒன்றுதான் மிச்சம்.

"இடது காதைத் தொட்டுப் பாரு" என்றாள்.

"எதுக்கு?"

"தொடுடா. மடல்ல முன்னால ஒரு புள்ளி இருக்கும். அதுக்கு நேர் பின்னால ஒண்ணு."

அவன் தொட்டுப் பார்த்தான். "ஆமா. டீசல் தூக்குறப்போ எங்கயோ உரசிட்டான்."

"உரசினா ஒரு பக்கம்தானே காயம் இருக்கும்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அது என் ஊசி. அந்த இடுக்க மூடலாம்னு தச்சுக்கிட்டு வந்தேன். நீ தூங்குறேன்னு நினைச்சேன். ஊசி போகல. துணி மடிப்புன்னு நினைச்சு உள்ளங்கையால அழுத்தித் தள்ளினேன். நூலை இழுத்து இறுக்கினேன். உன்னைக் கித்தானோட சேத்துத் தச்சுட்டேன்டா."

டேப் அவன் கையிலிருந்து உருண்டு தரையில் ஓடியது. இரண்டு விரலுக்கு நடுவில் காதுமடலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"வலிச்சிருக்குமே" என்றான்.

"வலிக்கல."

"கத்தியிருப்பேனே. ஒரு முள்ளு குத்தினாலே நான் ஊரைக் கூட்டுவேன், உனக்குத் தெரியாதா."

"கத்தல. மூச்சுகூட மாறல உனக்கு. முகத்துல ஒரு சுருக்கம் விழல."

அவன் விரல் அந்தப் புள்ளியை விடவில்லை. முன்னால் தொட்டான், பின்னால் தொட்டான். அந்தக் காலையில் இல்லாமல் போயிருந்த தன்னை அங்கே தேடுகிறவன் மாதிரி இருந்தது. "தைக்க இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ரெண்டு தையல்."

அவன் எழுந்தான். கால் அடுப்பில் இடித்து, கரியெல்லாம் தரையில் சிதறியது, குனிந்து பார்க்கவில்லை. கிழிசலைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்த் துறைப் பலகையின் மேல் நின்றான். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டான். தூறல் வலுத்து மழையாகிவிட்டிருந்தது. காற்று கடலிலிருந்து நேராக அவன் நெஞ்சில் அடித்தது. வாயைத் திறந்து அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"நனையாதடா, உள்ள வா" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

அவன் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. அவளும் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.